வெல்வெட் இலைக்காகக் கண்டிக்குப் போனேன்

கண்டிக்கு நான் போனது ஒரு செடி வாங்க. கூடலூரில் பல வருடமாக நர்சரி நடத்துகிறேன். வயநாட்டுப் பக்கம் புதிதாக விடுதி கட்டும் ஒருவர் கைபேசியில் ஒரு படத்தை அனுப்பி, வாசலிலிருந்து நீச்சல்குளம் வரைக்கும் இந்த இலைதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆளை விட உயரமான செடி. முறம் அகலத்துக்கு இலை. மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் கத்தரிக்காய் நிறம். நம் பக்கத்து நர்சரிகளில் தேடிப் பார்த்தேன், யாரிடமும் இல்லை. கண்டிக்குக் கிழக்கே திகனவில் நசீர் என்பவர் வளர்ப்பதாகத் தெரிந்தது. போனில் பேசினோம். நேரில் வந்து பார்த்துப் பேசுங்கள் என்றார்.

இன்னொரு காரணமும் இருந்தது. என் அம்மா ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய குடும்பத்தில் பாதிப் பேர் கப்பலேறிக் கூடலூர் வந்துவிட, அவருடைய தங்கை மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அந்தச் சித்தியின் மகள் செல்வராணியோடு கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் பேசுகிறேன். நேரில் பார்த்ததில்லை. செடி வேலை முடிந்ததும் அவளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் கண்டியில் சும்மா நடந்தேன். குளிரும் சாரலும் நம் ஊர் மாதிரியேதான். வேறாக இருந்தது சாலைதான். சாலையைக் கடக்க மஞ்சள் கோட்டில் காலை வைத்ததும் வண்டிகள் நின்றுவிடுகின்றன. கூடலூர் பழக்கத்தில் நான் பாதிக் கோட்டில் தயங்கி நிற்க, ஒரு பஸ் ஓட்டுநர் கையை வீசிப் போகச் சொன்னார். மத்தியானம் வாழையிலையில் சுற்றிய சோற்றுப் பார்சல் வாங்கினேன். இரண்டு பேர் சாப்பிடும் அளவு சோறு, பருப்பு, போஞ்சி என்று அங்கே சொல்லும் பீன்ஸ் கறி, தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டிய கீரை, ஓரத்தில் ஒரு துண்டு கருவாடு. காரம் கண்ணில் நீர் வரவைத்தது.

ஏரிக்கு மேலே உள்ள காட்டில் மாலையில் ஏறினேன். நம் வீடுகளில் பாட்டிலில் வைக்கும் மணி பிளான்ட் அங்கே மரத்தின் உச்சி வரை ஏறியிருந்தது. ஒவ்வோர் இலையும் சாப்பாட்டுத் தட்டு அளவு. தரையிலும் அதேதான், மண்ணே தெரியவில்லை. எவ்வளவு செழிப்பு என்று நினைத்து நான்கைந்து படம் எடுத்து என் நர்சரி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

மறுநாள் திகன. நசீருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை மண். நம் ஊர் வழக்கப்படி "பாய்" என்று கூப்பிட்டேன். சிரித்தார்.

"இங்க எல்லாரும் நாநா எண்டுதான் சொல்ற. நீங்களும் அப்பிடியே சொல்லுங்க தங்கச்சி. மொதல்ல தேத்தண்ணி குடிங்க, செடி எங்கயும் ஓடிப் போகாது."

செடி என்று அவர் சொன்னது இரண்டு ஆள் உயர மரமாக நர்சரி வாசலில் நின்றது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் வெல்வெட். இலையைத் தொட்டால் உண்மையிலேயே வெல்வெட் துணிபோல இருந்தது. ஒரு காற்று அடித்ததும் எல்லா இலையும் ஒரே நேரத்தில் திரும்பி அந்த ஊதா நிறத்தைக் காட்டியது. விடுதிக்காரர் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை என்று நினைத்தேன்.

"வெள்ளக்காரன் காலத்துல அழகுக்குக் கொண்டுவந்த மரம்," என்றார் நசீர். "எரு வேணாம், மருந்து வேணாம், பூச்சியும் புடிக்காது. நெழல்ல வெச்சாலும் வரும். இதை மாதிரி வளக்க லேசான செடி எனக்கு இன்னொண்டு ஈக்கில்ல."

தாய் மரத்துக்குப் பின்னால் பைகளில் கன்றுகள் வரிசை வரிசையாக இருந்தன. மத்தியானம் அவர் வீட்டிலேயே சாப்பாடு. அவர் மனைவி நெய்ச்சோறும் கோழிக்கறியும், இனிப்புக்கு வட்டலப்பமும் செய்திருந்தார். வட்டலப்பத்தில் ஏலக்காய் தூக்கலாக இருந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் பேச்சும் முடிந்துவிட்டது. அத்தனை கன்றும் எனக்கு. அனுமதிக் காகிதங்களை அவருக்குத் தெரிந்த ஏஜென்ட்டும் சென்னையில் எனக்குத் தெரிந்த ஆளும் பார்த்துக்கொள்வார்கள். நான் ஊர் திரும்பும் முன் ஒருமுறை வந்து கன்றுகளைத் தரம் பிரித்துவிட்டுப் போவதாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் ஹேவாஹெட்ட கிளம்பினேன். பஸ் நிலையத்தில் நடத்துநர்கள் ஊர்ப் பெயர்களைப் பாட்டுப்போல இழுத்துக் கத்துகிறார்கள். "ஹே" என்று காதில் விழுந்ததாக நினைத்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். பேராதனை வந்ததும்தான் சந்தேகம் வந்தது. பக்கத்தில் மடியில் புத்தகப் பையோடு இருந்த பெண்ணிடம் ஹேவாஹெட்டவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று தமிழில் கேட்டேன்.

"அக்கா, நீங்கள் பிழையான பஸ்ஸில ஏறிட்டியள்," என்றாள். "இது நாவலப்பிட்டி போற பஸ். நானும் இதில இறங்குறன், வாங்கோ. திரும்பிக் கண்டிக்குத்தான் போகோணும்."

யாழ்ப்பாணத்துப் பெண், இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எதிர்ப்பக்க நிறுத்தத்தில் பஸ் வரும்வரை என்னோடு நின்றாள். கீழே மகாவலி கலங்கலாக ஓடியது. கரை நெடுக ஆள் உயரத்துக்கு முள்புதர். தொட்டாச்சிணுங்கி இலை மாதிரி இருக்கிறதே, இவ்வளவு உயரத்துக்கா என்று கேட்டேன். அதேதான், அதில் பெரிய சாதி என்றாள். "முந்தி இந்தக் கரையில சனம் குளிக்கிறவையாம். இப்ப தண்ணிக்குப் போக வழியில்ல." எங்கள் ஊர்ப் பக்கம் முதுமலைக் காட்டில் உண்ணிச்செடி பரவிப் புல் இல்லாமல் போனதை அவளுக்குச் சொன்னேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

ஹேவாஹெட்ட போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. செல்வராணி குடையோடு கடைத்தெருவில் நின்றாள். நாற்பது வயது, ஒல்லி, போனில் கேட்ட அதே வேகமான குரல். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, என் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வாங்கக்கா. மழ விட்டதும் போவோம்னு பாத்தா விடாது போல. நனஞ்சுகிட்டே போறோம்."

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுக்கு இரண்டு அறை. பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் கடை வேலையில் இருந்தார்கள். அவள் கணவர் முருகேசு கட்டிலில் படுத்திருந்தார். மஞ்சள் காமாலை. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. எழுந்து எனக்கு நாற்காலியைத் தள்ளிப் போட முயன்றார், நான் தடுத்துவிட்டேன்.

ராத்திரிக்குக் கோதுமை மாவு ரொட்டியும் இடித்த தேங்காய்ச் சம்பலும். கல்லில் சுட்ட ரொட்டி கட்டை விரல் கனம். இரண்டு சாப்பிட்டுப் பால் இல்லாத பிளேன்டீ குடித்தால் காலை வரை பசிக்காது.

"நாளைக்குக் காலையில பீலிக்கு மேல போய்ப் போவிட்டியா எல புடுங்கிட்டு வரணும்," என்றாள் செல்வராணி. "ஆஸ்பத்திரி மருந்தோட, அந்த எலக் கஞ்சியும் குடிச்சா ஒடம்பு தேறும்னு இங்க எல்லாரும் குடுப்பாங்க. நீங்களும் வர்றீங்களா?"

போவிட்டியா சிங்களப் பெயர். ஊதாப் பூப் பூக்கும் குட்டிச் செடி. இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் வளராத செடி என்று கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை. செடிக்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வருகிறேன் என்றேன்.

காலையில் மழை இல்லை. தேயிலை மலையைக் கடந்ததும் ஒரு சரிவு. அதன் அடியில்தான் பீலி, பாறை இடுக்கிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் விழும் இடம். அந்த லயத்துக்கு அதுதான் குடிதண்ணீர். சரிவை நிமிர்ந்து பார்த்த நான் நின்றுவிட்டேன். நசீரின் வெல்வெட். அவர் வாசலில் நின்றதுபோல ஒற்றை மரம் அல்ல, மேட்டின் உச்சி வரை அது மட்டுமே. இலைக்கு மேல் இலையாகக் கூரை போட்டது மாதிரி நின்றது.

"இது என்ன செடி?" என்று, தெரிந்தும், கேட்டேன்.

"பேரெல்லாம் தெரியாதுக்கா. நாங்க பெரிய எலன்னு சொல்லுவோம். எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல இங்க நாலஞ்சு நின்னுச்சு. கொண்டக்குருவி பழத்தத் தின்னுட்டுப் போய்ப் போய் எச்சம் போடும். வெறகுக்கும் ஆகல, பொகதான். மாட்டுக்கும் ஆகல."

உள்ளே நுழைந்தோம். பகல் ஒன்பது மணிக்கு அடியில் அரை இருட்டு. தரையில் புல் இல்லை, பாசி இல்லை, ஒரு பெரணிகூட இல்லை. வெறும் சிவப்பு மண்ணும் காய்ந்து சுருண்ட பெரிய இலைகளும். மேலே இலைகளில் தேங்கியிருந்த முந்தின நாள் மழை கனத்த சொட்டாக விழுந்து மண்ணில் குழி குழியாகப் பறித்திருந்தது. போவிட்டியா நின்ற இடம் என்று செல்வராணி காட்டிய பாறையைச் சுற்றி ஒன்றுமில்லை. இன்னும் மேலே போனால் கிடைக்கும் என்று அவள் முன்னே ஏறினாள்.

நான் பின்னால் ஏறினேன். என் கை பருமன் இருந்த ஒரு வெல்வெட் மரத்தைப் பிடித்து உந்தினேன். மரம் என்னோடு வந்துவிட்டது. முழு மரமும், வேரோடு. சறுக்கிக்கொண்டே போய்ப் பீலிக்கு மேலே ஒரு பாறையில் முட்டி நின்றேன். இடது கால் எனக்குக் கீழே மடங்கியிருந்தது. நான் இழுத்த இழுப்பில் மேலிருந்து ஒரு வண்டி அளவு மண்ணும் சரிந்து வந்து, பீலித் தண்ணீர் சிவப்பாக ஓடியது.

செல்வராணி உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். "அசையாதீங்கக்கா. அசைக்க வேணாம்." என் கணுக்காலைத் தடவிப் பார்த்தாள். ஒடியவில்லை என்றாள். வலி நெற்றி வரை ஏறியது. அவள் துண்டைக் கிழித்துக் கட்டும்போது நான் பிடுங்கிய மரம் பக்கத்திலேயே கிடந்தது. அவ்வளவு உயர மரத்துக்கு வேர் ஒரு தாம்பாளம் அளவுதான், அதுவும் மேலாகப் படர்ந்த வேர். ஆணிவேரே இல்லை.

"மண்ணப் புடிக்காதா இது?" என்றேன்.

"எங்க புடிக்குது? போன மழையில அந்தப் பக்கம் இப்படித்தான் எறங்கிச்சு. லயத்துல யாருக்கும் ஒன்னும் ஆகல, அவ்வளவுதான். நம்ம லயம் இதுக்கு நேரா கீழ இருக்குக்கா." சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் மரத்தடி வழியே கீழே பார்த்தேன். லயத்தின் தகரக் கூரையும், ஒரு கொடியில் காயும் சட்டைகளும் தெரிந்தன.

பக்கத்து லயத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து என்னைத் தாங்கிக் கொண்டுபோனார்கள். தோட்டத்து மருந்துக்காரர் கட்டுப் போட்டு, இரண்டு நாள் காலை ஊன்றக் கூடாது என்றார். அன்று முழுவதும் முருகேசுவும் நானும் எதிரெதிரே படுத்திருந்தோம். வீட்டுக்கு வந்தவர்கள் யாரை நலம் விசாரிப்பது என்று குழம்பினார்கள். மாலையில் செல்வராணி தோட்டத்துக்குக் கீழே உள்ள ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை நடந்து போய், ஒரு கைப்பிடி போவிட்டியா இலை கொண்டுவந்தாள். வாங்கிப் பார்த்தேன். விரல் நீள இலை, அதில் அடியிலிருந்து நுனி வரை ஓடும் நரம்புகள். வெல்வெட் இலையிலும் அதே அமைப்புதான். ஒரே குடும்பத்துச் செடிகள் இரண்டும். ஒன்று இந்த மலையில் பிறந்தது. மற்றது கடல் கடந்து வந்தது.

அவள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருக்கும்போதுதான் திகனவுக்கு எதற்குப் போனேன் என்று சொன்னேன். அதுவரை செடி வியாபாரம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. "பெரிய எலயவா? வாங்குறதுக்கா வந்தீங்க?"

"ஆமா."

"சும்மாவே தாரோம். எவ்வளவு வேணும்?"

முருகேசு சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிறு, கொழுந்து பறிக்கும் வேலை இல்லை. மண் விழுந்த பீலியைச் சுத்தம் செய்ய லயத்துப் பெண்கள் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். என்னையும் தூக்கிக் கொண்டுபோய்ப் பாறையில் உட்கார வையுங்கள் என்று கேட்டேன். குழாயைத் தோண்டி எடுத்த பிறகு, பெரிய மரங்களை இப்போது தொட வேண்டாம், சரிவு இன்னும் இறங்கிவிடும், குட்டிக் கன்றுகளை மட்டும் பிடுங்கலாம் என்று சொன்னேன். நர்சரிக்காரிக்கு அந்த அளவு தெரியும். செல்வராணி ஒன்றைப் பிடுங்கினாள். இரண்டு விரலால் இழுத்ததுமே வந்துவிட்டது. அப்புறம் எல்லோரும் குனிந்துவிட்டார்கள். கொழுந்து பறித்துப் பழகிய கைகள், எனக்குக் கண்ணால் எண்ணக்கூட முடியவில்லை. நான் கை எட்டும் தூரத்தில் இருந்ததைப் பிடுங்கினேன். எங்கள் நர்சரியில் ஒரு வருடத்துக்குப் போதுமான கன்றுகள் மத்தியானத்துக்குள் பாறை மேல் வேர் மேலாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"நாளைக்குத் தோட்டத்து ஆபீஸ்ல சொல்லிப் பாக்குறோம்," என்றாள் செல்வராணி. "பெரிய மரத்த அவங்கதான் பாக்கணும். எங்களுக்கு ஏலாது."

ஆறாம் நாள் த்ரீவீலரில் திகனவுக்குப் போனேன். வழியில் இரண்டு முறை வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி எதையோ தட்டினால் ஓடும், ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. நசீர் என் காலைப் பார்த்துப் பதறி, ஒரு நாற்காலியை எனக்கும் இன்னொன்றைக் காலுக்கும் போட்டார். கன்றுகள் எல்லாம் பெட்டிகளில் அடுக்கித் தயாராக இருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் கூடலூர் என்று தமிழில் எழுதியிருந்தார்.

எடுக்கவில்லை என்று சொன்னேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சரிவு, வேர், லயம் எல்லாம். முடிந்ததும் அவர் வாசல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் காட்டுல நடல்ல. வீட்டுக்குத்தான் விக்கிற."

"குருவிக்கு அது தெரியாதே நாநா."

"நான் விக்காட்டி இன்னொருத்தன் விப்பான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆறு மாதம் தண்ணீர் ஊற்றிய கன்றுகள். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நசீர் கேட்டார்: "கூடலூர்ல நீங்க என்னென்ன விக்கிற?"

சொல்லத் தொடங்கினேன். ரோஜா, ஆந்தூரியம், குரோட்டன், பெரணி, மிளகுக் கொடி. "தரைக்கு?" என்றார். தரைக்கு மஞ்சள் பூப் பூக்கும் படர்கொடி என்று சொல்லும்போதே என் வாய் நின்றுவிட்டது. என் கடையில் அதிகம் போகும் சரக்கு அதுதான். எரு வேண்டாம், மருந்து வேண்டாம், சில வாரத்தில் தரையை மூடிவிடும் என்று நானே சொல்லிச் சொல்லி விற்றது. எங்கள் நர்சரிக்குக் கீழே உள்ள ஓடை நெடுக இப்போது அந்தக் கொடிதான். வல்லாரை பறிக்கப் பெண்கள் வந்துகொண்டிருந்த ஓடை. அவர்கள் ஏன் வருவதில்லை என்று நான் இதுவரை யோசித்ததில்லை.

"அதுவா?" என்றார் நசீர், தன் காலடியைக் காட்டி. நாற்காலியின் காலைச் சுற்றி அதே மஞ்சள் பூ. "இங்கயும் கால் வெக்கிற எடமெல்லாம் ஈக்கி."

இருவரும் தேத்தண்ணியைக் குடித்தோம். கிளம்பும்போது வாசல் வரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார். பெட்டிகள் கூடலூர் என்ற எழுத்தோடு அங்கேயே இருந்தன.

ஊருக்கு வந்து விடுதிக்காரரிடம் முடியாது என்றேன். காரணத்தைக் கேட்டுவிட்டு, நல்லது என்று சொல்லி, வேறு நர்சரிக்குப் போய்விட்டார். படர்கொடித் தொட்டிகள் எல்லாவற்றையும் சிமெண்ட் தரையில் கவிழ்த்துக் காயப் போட்டேன். ஓடைதான் பெரிய வேலை. ஒரு கணு மண்ணில் தங்கினாலும் மறுபடி வேர் விடுகிறது. வாரம் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு இரண்டு பெண்களோடு இறங்குகிறேன். நசீருக்கும் இதைச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

சென்ற வாரம் நசீரின் குரல் பதிவு வந்தது. "தங்கச்சி, மறைக்க ஒண்டும் இல்ல, செடிக் கண்டுல பாதிய வித்துட்டேன். மிச்சத்த நெருப்புல போட்டுட்டேன். வாசல் மரத்தையும் வெட்டியாச்சி. வெட்டின எடத்துலயிருந்து திரும்பத் துளிர்க்குது. உங்கட கொடி எப்பிடி?"

எங்களுடையதும் துளிர்க்கிறது நாநா என்று பதில் அனுப்பிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன்.